பறக்குற வாத்தும் 61 மெகாபிக்சலும்: ஷார்ப்பா எடுக்கறது எப்படி

ஹை ரெசல்யூஷன் கேமரா பாடி கைக்கு வந்ததும் முக்கால்வாசி பேர் பண்ற வேலை ஒண்ணு இருக்கு. ஏரியோட அந்தக் கரைல போற வாத்தை எடுத்துட்டு வந்து கம்ப்யூட்டர்ல நூறு பர்சென்ட்டுக்கு பெருசாக்கிப் பாத்துட்டு, லென்ஸ் சரியில்ல ஃபோகஸ் சரியில்லன்னு புலம்பறது. லென்ஸ் நல்லாதான் இருக்கும், ஃபோகஸும் அநேகமா சரியாதான் விழுந்திருக்கும். 45, 61 மெகாபிக்சல்ங்கறது தூரத்த குறைக்கற சமாச்சாரமே இல்ல. பக்கத்துல வர்ற பறவைய சுத்தி தாராளமா இடம் விட்டு எடுத்துக்கிட்டு, வீட்டுக்கு வந்து வேணுங்கற மாதிரி வெட்டிக்கறதுக்குத்தான் அத்தன பிக்சலும். இது மட்டும் மண்டைல ஏறிடுச்சுன்னா கீழ சொல்றதுல பாதி தன்னால புரிஞ்சிடும்.

கணக்கு போட்டே பாருங்க. சோனி ஏ7ஆர் 5ல ஃபுல் ஃப்ரேம் 61 மெகாபிக்சல், அகலம் மட்டும் 9504 பிக்சல். ரெக்கைய விரிச்ச வாத்து ஃப்ரேமோட பாதி அகலத்த மட்டும் அடைச்சிருந்தா கூட பறவை மேல 4700 பிக்சலுக்கு மேல கிடைக்குது, அத 300 டிபிஐல பிரிண்ட் போட்டா வாத்து மட்டுமே 40 சென்டிமீட்டர் அகலத்துக்கு வரும். ஏபிஎஸ்சிங்கற சின்ன சென்சார் அளவுக்கு வெட்டினாலும் 26 மெகாபிக்சல் மிச்சம், நிக்கான் டி850, இசட் 8 மாதிரி 45.7 மெகாபிக்சல் பாடில வெட்டினா 19 சொச்சம். அப்புறம் எதுக்கு ஃப்ரேம் முழுக்க அடைச்சு எடுத்து ரெக்க நுனிய வெட்டிக்கணும்? பறக்கற பறவைல வீணாப் போற ஃபோட்டோவுல நெறைய இந்த ரெக்க வெட்டுதான், ஃபோகஸ் மிஸ் கூட அதுக்கப்புறம்தான்னு சொல்லுவேன். அதனால 200-600 ஜூம் இருந்தா எப்பவும் 600லயே வெச்சுக்கிட்டு நிக்காதீங்க, வாத்து கிட்ட வர்ற இடமா இருந்தா 400 பக்கம் இறக்கிடுங்க. பறவைய வ்யூஃபைண்டர்ல கண்டுபிடிக்கறதும் சுலபம், அது திடீர்னு திரும்பினாலும் ஃப்ரேமுக்குள்ளயே இருக்கும்.

இப்ப ஷட்டர் ஸ்பீடு. நிறைய பேர் 1/2000 வெச்சா எல்லாமே உறைஞ்சிடும்னு நெனைக்கறாங்க. வாத்து சாதாரணமா மணிக்கு 60லேருந்து 80 கிலோமீட்டர் வேகத்துல போகும், நாம 72னு வெச்சுக்குவோம், அதாவது செகண்டுக்கு 20 மீட்டர். 1/2000 செகண்டுல அது ஒரு சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். நீங்க 600 எம்எம் லென்ஸோட 40 மீட்டர் தள்ளி நிக்கறீங்கன்னா அந்த ஒரு சென்டிமீட்டர் சென்சார் மேல 0.15 மில்லிமீட்டர். 61 மெகாபிக்சல் சென்சார்ல ஒரு பிக்சல் 3.76 மைக்ரான், அப்ப கேமராவ அசைக்காம புடிச்சிருந்தா படத்துல 40 பிக்சலுக்கு இழுவிருக்கும்! 1/4000க்கு போனாலும் 20 பிக்சல். ஆக குறுக்க போற வாத்த ஷட்டர் ஸ்பீடு மட்டும் காப்பாத்தாது, பேனிங்தான், அதாவது பறவையோடவே கேமராவ திருப்பிக்கிட்டு போறதுதான் காப்பாத்தும். பறவையோட வேகத்துல 95 சதவீதம் நீங்க கேமராவோட கூடவே போயிட்டீங்கன்னா அந்த 40 பிக்சல் ரெண்டு பிக்சலா சுருங்கிடுது, அது கண்ணுக்கே தெரியாது.

இதே படத்த 24 மெகாபிக்சல் கேமராவுல எடுத்திருந்தா பிக்சல் பெருசு, இழுவல் 25 பிக்சல்னு கணக்கு வரும். ஆனா ரெண்டையும் ஒரே சைஸ்ல பிரிண்ட் போட்டா ரெண்டும் ஒரே அளவுதான் இழுவிருக்கும். புது கேமரா படத்த கெடுக்கல, கெட்டிருக்கறத காட்டுது, அவ்ளோதான். அதனால பழைய கேமராவோட ஒப்பிடும்போது நூறு பர்சென்ட்ல வெச்சு ஒப்பிடாதீங்க, சைஸ ஒண்ணாக்கிட்டு பாருங்க.

பேனிங் உடம்போட சங்கதி, மெனுல எங்கயும் கிடைக்காது. காலை எங்க வைக்கறீங்கங்கறதுலேயே பாதி முடிஞ்சிடுது. வாத்து உங்கள தாண்டி எந்த இடத்துல போகும்போது கிளிக் பண்ணப் போறீங்களோ அந்தப் பக்கமா பாதத்த வெச்சுக்கிட்டு இடுப்புக்கு மேல மட்டும் திரும்பி அது வர்ற திசையப் பாருங்க, அப்பதான் கடைசில முறுக்கு விடுபட்டு ஃப்ரீயா வரும். இல்லன்னா சரியான நேரத்துல இடுப்பு இறுகிப் போய் கேமரா நின்னுடும். முழங்கைய ஒடம்போட ஒட்டி வெச்சு, இடது கைய லென்ஸோட முன் பக்கம் தள்ளிப் புடிங்க. ஒரு கண்ணு வ்யூஃபைண்டர்ல, இன்னொரு கண்ணும் தொறந்தே இருக்கட்டும். முக்கியமா, பறவை பெருசா வந்தப்புறம் கேமராவ தூக்காதீங்க, அது சின்னதா தூரத்துல இருக்கும்போதே புடிச்சுக் கூடவே வாங்க. கிளிக் பண்ணி முடிச்ச பின்னாடியும் ரெண்டு செகண்டு கூடவே போங்க, பட்டனை விட்டதும் கேமராவ சடக்குனு நிறுத்தற பழக்கம் இருந்தா கடைசி நாலு ஃப்ரேம் எப்பவும் ஆடித்தான் இருக்கும். ரெண்டு கிலோவ சுத்தி இருக்கற ஜூம் லென்ஸ்னா கையிலேயே புடிக்கலாம், பெரிய ப்ரைம் லென்ஸுக்கு ட்ரைபாடும் கிம்பல் ஹெட்டும் போட்டுக்கறது தோள்பட்டைக்கு நல்லது. ஸ்டெபிலைசேஷன பேனிங் மோடுலயோ ஸ்போர்ட் மோடுலயோ வைங்க, சாதாரண மோடுல வெச்சா சில லென்ஸ் நீங்க வேணும்னே திருப்பறதையும் ஆட்டம்னு நெனச்சு எதிர்த்து இழுக்கும், வ்யூஃபைண்டர்ல படம் குதிக்கறது அதனாலதான்.

உடம்பு உறைஞ்சாலும் ரெக்க தனி கத. மல்லார்டுங்கற வாத்து (ஆணுக்கு பச்சத் தல) செகண்டுக்கு ஏறக்குறைய எட்டுலேருந்து பத்து தடவ ரெக்கைய அடிக்கும், சின்ன வாத்துங்க இன்னும் வேகம். பேனிங் ரெக்கைக்கு உதவாது, அங்கதான் ஷட்டர் ஸ்பீடு வேல செய்யுது. 1/3200 எனக்கு சரிப்பட்டு வர்ற நம்பர், வெளிச்சம் இருந்தா 1/4000. 1/2000ல ரெக்க நுனி கொஞ்சம் மங்கலா வரும், அது எனக்கு புடிக்கவும் செய்யும், பறக்குதுன்னு தெரியணும்ல. ஆனா கண்ணு மட்டும் மங்கக் கூடாது, கண்ணு போச்சுன்னா அந்த ஃப்ரேம் போச்சு.

டெப்த் ஆஃப் ஃபீல்டும், அதாவது முன்னும் பின்னுமா ஷார்ப்பா வர்ற ஆழமும், இங்க ஏமாத்தும். 600 எம்எம், எஃப் 6.3, 40 மீட்டர் தூரம்னா வழக்கமான கால்குலேட்டர் ஒண்ணே முக்கால் மீட்டர் கிட்ட காட்டும், ஆஹா தாராளம்னு தோணும். அந்தக் கணக்கு சின்ன பிரிண்டுக்கு போட்டது. 61 மெகாபிக்சல்ல ரெண்டு பிக்சலுக்கு மேல மங்கக் கூடாதுன்னு நீங்க கறாரா நின்னா அது 40 சென்டிமீட்டர் அளவுக்கு சுருங்கிடும், மல்லார்டோட ரெக்க விரிப்பே 80லேருந்து 95 சென்டிமீட்டர். 20 மீட்டருக்கு வந்துட்டா வெறும் 10 சென்டிமீட்டர், தல ஷார்ப்பா இருக்கும் நெஞ்சு மங்கிடும். இதுக்கு ரெண்டு வழி. ஒண்ணு, வெளிச்சம் இருக்கும்போது எஃப் 8 வரைக்கும் மூடுங்க, எஃப் 11க்கு மேல இந்த சின்ன பிக்சல்ல, சின்ன துவாரத்துல ஒளி பரவி படத்த மழுக்கற டிஃப்ராக்‌ஷன் தின்ன ஆரம்பிச்சிடும். இன்னொண்ணு, எந்த ஃப்ரேம தேர்ந்தெடுக்கறோம்ங்கறது. வாத்து பக்கவாட்டுல போகும்போது ரெக்க முழுசா மேல தூக்கியோ முழுசா கீழ இறங்கியோ இருந்தா எல்லாம் ஏறக்குறைய ஒரே தளத்துல வரும். ரெக்க நேரா படுத்திருக்கற ஃப்ரேம்ல ஒரு நுனி உங்க பக்கம், இன்னொரு நுனி அந்தப் பக்கம், ரெண்டும் போச்சு, பாக்கவும் ரெக்கையே இல்லாத பறவை கணக்கா இருக்கும்.

ஃபோகஸுக்கு கன்டின்யூவஸ் மோடு, பறவை டிடெக்‌ஷன் இருக்கற மிரர்லெஸ்னா அத ஆன் பண்ணிட்டு ஏரியாவ பெருசா விட்டுடுங்க. வெறும் வானம் பின்னாடி இருந்தா கேமராவே பாத்துக்கும். நாணல், மரம், அலை அடிக்கற தண்ணி பின்னாடி வந்தா அது குழம்பும், அப்ப நடு ஸோனுக்கு மாறிக்குங்க, இந்த ரெண்டையும் ரெண்டு தனி பட்டன்ல போட்டு வெச்சுக்கிட்டா விரல் மாத்தினாலே போதும். டிஎஸ்எல்ஆர்னா குரூப் ஏரியா இல்ல 9 பாயிண்ட் டைனமிக் மாதிரி சின்ன கூட்டம் போதும். ட்ராக்கிங் சென்சிடிவிட்டின்னு ஒரு செட்டிங் ஒளிஞ்சிருக்கும், அத லாக் பக்கமா தள்ளி வைங்க, நடுவுல ஒரு கிளையோ இன்னொரு வாத்தோ குறுக்க வந்தா உடனே அங்க தாவாது. லென்ஸ்ல ஃபோகஸ் லிமிட்டர் சுவிட்ச் இருந்தா தூரம் மட்டும்னு போட்டுடுங்க. பறவை வரதுக்கு முன்னாடி அது வர்ற தூரத்துல இருக்கற ஏதாவது ஒரு செடி மேல ஃபோகஸ் பண்ணி வெச்சுக்கறது ரொம்ப பழைய தந்திரம், எவ்ளோ காஸ்ட்லி கேமராவா இருந்தாலும் இன்னும் வேல செய்யுது.

எல்லாத்தையும் விட பெரிய விஷயம் காத்து. வாத்து காத்துக்கு எதிராத்தான் எழும்பும், காத்துக்கு எதிராத்தான் இறங்கும். உங்க முதுகுப் பக்கமிருந்து காத்து அடிச்சா வாத்து உங்கள நோக்கி முகத்தக் காட்டிக்கிட்டு இறங்கும், காத்து உங்க மூஞ்சில அடிச்சா நாள் பூரா வாலத்தான் எடுப்பீங்க. காலைல சூரியனும் முதுகுப் பக்கம், காத்தும் முதுகுப் பக்கம் அமையற எடமாப் பாத்து உக்காரணும், வெதர் ஆப்ல காத்து திசைய பாத்துட்டு எந்தக் கரைக்கு போறதுன்னு முடிவு பண்ணுங்க. ரெண்டும் ஒத்து வரலன்னா பக்கவாட்டு காத்து இருக்கட்டும், வெளிச்சத்த விட்டுக் குடுக்காதீங்க. ஏன்னா மல்லார்டு ஆணோட பச்சத் தலை சாயத்தோட நிறம் இல்ல, இறகோட நுண்ணிய அமைப்புல பட்டு ஒளி திரும்பற விதத்துல வர்றது. வெளிச்சம் உங்க பின்னாடியிருந்து விழுந்தா மரகதப் பச்சை, கோணம் மாறினா ஊதா, இன்னும் மாறினா வெறும் கருப்பு. கருப்பாயிட்டா கருப்புத் தலைல கருப்புக் கண்ணு, டிடெக்‌ஷனும் தடுமாறும் நீங்களும் தடுமாறுவீங்க. ரெக்கைல இருக்கற பளபளப்பான பட்டையும் இதே கததான், மல்லார்டுக்கு நீலம், கிளுவைங்கற சின்ன வாத்துக்கு பச்சை.

புதுசா ஆரம்பிக்கறவங்க இறங்கற வாத்துலேருந்து ஆரம்பிங்க, எழும்பறது அப்புறம். இறங்கறதுக்கு முன்னாடி கூட்டம் பெரும்பாலும் ஒரு சுத்தாவது சுத்தி எடத்தப் பாக்கும், அப்புறம் ரெக்கைய வளச்சு, வால விரிச்சு, கால முன்னாடி நீட்டி, வேகத்த கொறச்சுக்கிட்டு வரும். வேகம் கம்மி, வழி தெரியும், போஸும் அழகு. எழும்பறதுல ரெண்டு ரகம். மல்லார்டு, ஊசிவால் வாத்து, கிளுவை மாதிரி தண்ணி மேலாக மேயறதெல்லாம் ஒரே எம்பு எம்பி நேரா மேல கிளம்பிடும், அதுக்கு செங்குத்தா புடிச்சாலும் தப்பில்ல, மேல இடம் விடணும். முங்கி மேயற வாத்துங்களுக்கு கால் பின்னாடி தள்ளி இருக்கும், ஒடம்புக்கு ரெக்க சின்னது, அதனால தண்ணி மேல தடதடன்னு ஓடித்தான் எழும்பும், அந்த ஓட்டம் உங்களுக்கு ஃபோகஸ் புடிக்க நல்ல அவகாசம், ஒவ்வொரு அடிக்கும் தண்ணி தெறிக்கறது போனஸ்.

எழும்பப் போகுதுன்னு எப்படி தெரியும்? கழுத்து நீளும், எல்லாம் ஒரே பக்கமா திரும்பும், தலைய மேலயும் கீழயும் வெட்டி வெட்டி ஆட்டும், ஒண்ணு ஆட்டினா பக்கத்துல இருக்கறதும் ஆட்டும். அதப் பாத்ததும் விரல் பட்டன் மேல இருக்கணும். குளிக்கற வாத்தும் கவனிக்க வேண்டிய ஆளு. தலைய முக்கி முக்கி முதுகு மேல தண்ணிய வழிய விட்டுட்டு, குளிச்சு முடிஞ்சதும் தண்ணில நிமிந்து நின்னு ரெக்கைய நாலஞ்சு தடவ அடிக்கும், கிட்டத்தட்ட நிச்சயம். பறக்கறது இல்லதான், ஆனா எக்ஸ்போஷர் சரியா இருக்கான்னு பாக்க, ஷட்டர் ஸ்பீடு எவ்ளோ வேணும்னு தெரிஞ்சுக்க அத விட நல்ல வாய்ப்பு கிடையாது. பறக்கட்டும்னு கல்லெறியறது, கைதட்டறது, ட்ரோன் விடறது எல்லாம் வேணாம், குளிர் காலத்துல ஒவ்வொரு வீண் பறப்பும் அதுக்கு தீனி நேரத்தையும் தெம்பையும் திங்கற விஷயம், அதோட பயந்து ஓடற வாத்து உங்களுக்கு முதுகத்தான் காட்டும். மறைஞ்சு உக்காந்திருங்க, கார் இருந்தா கார்லயே இருங்க, ஆள் இறங்கினாத்தான் அதுங்க பறக்கும்.

சீசனும் பாத்துக்குங்க. இனப்பெருக்கம் முடிஞ்சதும் வாத்துங்க பறக்கற இறகு எல்லாத்தையும் ஒரே நேரத்துல உதிர்த்துடும், மூணு நாலு வாரத்துக்கு பறக்கவே முடியாது, ஆண் பறவையும் அந்த சமயத்துல பெட்ட மாதிரி மங்கலாயிடும். குளிர் காலமும் அத ஒட்டின வசந்தமும்தான் இறகு முழு ஜொலிப்புல இருக்கற நேரம்.

எலக்ட்ரானிக் ஷட்டர்ல ஒரு எச்சரிக்கை. ஏ7ஆர் 5 மாதிரி 61 மெகாபிக்சல் பாடில சென்சார மேலேருந்து கீழ படிச்சு முடிக்க ஏறக்குறைய 1/10 செகண்டு ஆகும். அந்த நேரத்துல வாத்து ஒரு முழு அடி ரெக்கைய அடிச்சு முடிச்சிருக்கும், பறவை ஃப்ரேம்ல பாதி உயரத்துக்கு இருந்தா கூட ரெக்கையோட மேல் பாகமும் கீழ் பாகமும் வேற வேற நேரத்துல பதிவானது, வளஞ்சு நெளிஞ்சு வரும். 1/8000 வெச்சாலும் இது போகாது, ஏன்னா பிரச்சினை படிக்கற வேகத்துல. அந்த மாதிரி பாடில மெக்கானிக்கல் ஷட்டர்தான். நிக்கான் இசட் 8, இசட் 9, சோனி ஏ1 மாதிரி ரொம்ப வேகமா படிக்கற ஸ்டேக்ட் சென்சார் இருந்தா படிக்கற நேரம் 1/200 செகண்டுக்கும் கம்மி, கவலப்பட வேணாம். இசட் 8லயும் இசட் 9லயும் ப்ரீ கேப்சரும் இருக்கு, பட்டன அமுக்கறதுக்கு முன்னாடி ஓடின ஃப்ரேமையும் சேத்து வெச்சுக்கும், எழும்பற வாத்துக்கு அருமை, ஆனா ஜேபெக்ல மட்டும்தான் தருது, அதனால எக்ஸ்போஷர் முதல்லயே சரியா இருக்கணும்.

எக்ஸ்போஷர மேனுவல்ல வைங்க. வாத்து ஒரே பறப்புல வெளிர் வானம், கரும் மரம், மினுக்கற தண்ணினு மூணு பின்னணிய தாண்டும், ஆட்டோ ஐஎஸ்ஓ ஒவ்வொண்ணுக்கும் ஆடும், பறவை மேல விழற வெளிச்சமோ மாறவே இல்ல. நல்ல வெயில்ல எஃப் 6.3, 1/3200, ஐஎஸ்ஓ 500ங்கற இடத்துல ஆரம்பிச்சு ஒரு ஷாட் எடுத்துப் பாத்து திருத்திக்குங்க, வெயில் சாஞ்சிருந்தா இன்னும் ஏத்தணும். மேகம் வந்து வந்து போற நாள்ல மட்டும் ஆட்டோ ஐஎஸ்ஓ, வானம் பின்னணினா ஒரு ஸ்டாப் ப்ளஸ். ஊசிவால் ஆணோட வெள்ளக் கழுத்து முதல்ல வெந்து விவரமில்லாம வெறும் வெள்ளையாயிடும், அந்த வெள்ளைக்கு பாத்து வைங்க, இருட்டுப் பக்கத்த ராவு (RAW) ஃபைல்ல, அதாவது கேமரா மாத்தாம அப்படியே சேமிக்கற ஃபைல்ல, அப்புறமா தூக்கிக்கலாம். ஐஎஸ்ஓ 3200க்கு பயப்படாதீங்க, இவ்ளோ பிக்சல சின்னதாக்கினாலே நாய்ஸ் பாதி அடங்கிடும்.

ஷட்டரும் சரி, ஃபோகஸும் சரி, ஆனாலும் எல்லா ஃப்ரேமும் லேசா குழஞ்ச மாதிரி இருக்கா? கானல். தண்ணிக்கும் காத்துக்கும் சூடு வித்தியாசம் இருக்கற எந்த நேரத்துலயும் வரும், மதியம்னு இல்ல, குளிர்ந்த விடியகாலைல கூட. 61 மெகாபிக்சல் இத ஈவு இரக்கமில்லாம காட்டும். எந்த செட்டிங்கும் இதுக்கு மருந்து இல்ல, தூரத்த குறைங்க, இல்ல அன்னிக்கு தூரத்து வாத்த விட்டுடுங்க. கார்ல உக்காந்து எடுக்கறப்ப ஹீட்டர் ஓடினா ஜன்னல் வழியா போற சூட்டுக் காத்தே படத்த கெடுக்கும், அத நிறுத்திட்டு கண்ணாடிய கொஞ்ச நேரம் முன்னாடியே இறக்கி வைங்க.

கம்ப்ரஸ் பண்ணாத 61 மெகாபிக்சல் ராவு ஒண்ணு 120 எம்பிக்கு மேல போகும், கார்டுக்குப் போறதுக்கு முன்னாடி படத்த தாங்கற பஃபர் மெமரி சீக்கிரம் நெறஞ்சு சரியான நேரத்துல கேமரா நின்னுடும், சில பாடில பர்ஸ்ட் வேகமும் கொறஞ்சிடும். கம்ப்ரஸ்டு ராவு போதும், வாத்து விஷயத்துல வித்தியாசம் கண்டுபிடிக்க மாட்டீங்க. கார்டு வேகமானதா வாங்குங்க, அப்புறம் ஆரம்பத்துலேருந்தே பட்டன அமுக்கிக்கிட்டு இருக்காம நல்ல நிலைக்கு வந்ததும் சின்னச் சின்ன பர்ஸ்டா விடுங்க.

வீட்டுக்கு வந்ததும் முதல் சுத்துல நூறு பர்சென்ட்டுக்கு போகவே போகாதீங்க. ஸ்க்ரீன் அளவுல வெச்சு ரெக்க நிலை, தல லேசா நம்ம பக்கம் திரும்பியிருக்கா, கண்ணுல ஒளிப்புள்ளி இருக்கா, இது மூணும் பாத்துக் கழிங்க. மிஞ்சினதுக்கு மட்டும் கண்ண பெருசாக்கிப் பாருங்க. சில ஃப்ரேம்ல எல்லாம் சரியா இருந்து கண்ணு மட்டும் பால் படிஞ்ச மாதிரி தெரியும், அது ஃபோகஸ் தப்பு இல்ல, உள் இமை மூடின நொடி, பர்ஸ்ட்ல அடுத்த ஃப்ரேம எடுத்துக்குங்க. அப்புறம் நாய்ஸ் குறைக்கற வேலைய ராவு நிலைலயே பண்ணிட்டு, பறக்கற திசைல இடம் விட்டு க்ராப் போட்டு, எந்த சைஸ்ல காட்டப் போறீங்களோ அதுக்கு சின்னதாக்கிட்டு, ஷார்ப்பனிங்க கடைசியா போடுங்க. 9000 பிக்சல் அகலத்துல ஷார்ப்பன் பண்ணிட்டு 2000க்கு குறைச்சா போட்ட ஷார்ப்பனிங்ல பெரும்பகுதி அந்த சுருக்கத்துலயே காணாமப் போயிடும்.